ஒப்பந்த வரைவை நாமே எழுதலாமா?

கேள்வி: இணையதளங்கள் வடிவமைத்துத் தரும் சிறு தொழில் செய்கிறேன். புதிய வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்தை நானே எழுதிவிட்டுப் பிறகு வழக்கறிஞரிடம் காட்டலாமா? எதுவரை நான் எழுதுவது?

பதில்: தாராளமாக எழுதலாம். எந்த வேலையை எப்போது ஒப்படைக்கிறீர்கள், முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், அதற்கு மேல் கேட்டால் கட்டணம் என்ன என்பவற்றை உங்களைவிடத் தெளிவாக வேறு யாராலும் எழுத முடியாது. சட்டம் வழக்கறிஞருக்குத் தெரியும். வேலை எந்தக் கட்டத்தில் இழுபறியாகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது வேறொரு நாட்டுச் சட்டத்துக்காக எழுதப்பட்டிருக்கலாம். உங்களுக்கே பொருள் விளங்காத ஷரத்துகள் அதில் இருந்தால், வழக்கறிஞர் அவற்றை ஒவ்வொன்றாகக் களைய வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கும் நீங்களே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

சட்ட நடை தேவையில்லை. ஆனால் துல்லியம் மிகவும் தேவை. 1864-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கில், பம்பாயிலிருந்து 'பீர்லெஸ்' என்ற கப்பலில் வரும் பருத்தியை விற்பதாக ஒப்பந்தம் இருந்தது. அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. வாங்குபவர் அக்டோபரில் புறப்பட்டதையும் விற்பவர் டிசம்பரில் புறப்பட்டதையும் மனத்தில் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அவ்வழக்கில், விற்றவரால் வெல்ல முடியவில்லை. புறப்படும் மாதத்தையும் எழுதியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது. ஆகவே 'விரைவில்', 'நியாயமான காலத்துக்குள்' போன்ற சொற்களைத் தவிர்த்து, தேதியையோ நாட்களின் எண்ணிக்கையையோ குறிப்பிடுங்கள். 'வேலை முடிந்ததும்' என்று எழுதினால், முடிந்தது என்று யார், எதைப் பார்த்து முடிவு செய்வார் என்பதையும் எழுதுங்கள். பணத் தகராறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

அடுத்து, தவறாக நடக்கக்கூடியவற்றை யோசியுங்கள். வாடிக்கையாளர் படங்களையும் எழுத்துகளையும் தரத் தாமதித்தால் உங்கள் கெடு தள்ளிப்போகுமா? பாதியில் வேண்டாம் என்றால் அதுவரை செய்த வேலைக்குப் பணம் உண்டா? முழுத்தொகை வரும்வரை வடிவமைப்பின் உரிமை யாரிடம் இருக்கும்? விடை தெரியாதவற்றைக் கேள்வியாகவே வரைவின் ஓரத்தில் குறித்து வையுங்கள். வழக்கறிஞருக்கு மிகவும் பயன்படுவது அந்தக் குறிப்புகளே.

இழப்பீட்டுப் பொறுப்பின் வரம்பு, தாமதத்துக்கான அபராதம், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், தகராறு நீதிமன்றத்துக்கா நடுவரிடமா என்பவற்றில் உங்கள் விருப்பத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, வாசகத்தை அவரிடமே விடுங்கள். அளவுக்கு மீறிய அபராதத்தைப் பல நாடுகளில் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

வழக்கறிஞர் பார்த்து முடிக்கும் முன் வரைவை எதிர்த்தரப்புக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாசகம் இரு பொருள் தந்தால் எழுதியவருக்குப் பாதகமான பொருளையே கொள்ளும் விதி பல நாடுகளில் உண்டு. மேலும், 'சம்மதம்' என்று அவர்கள் மின்னஞ்சலில் பதில் அனுப்பிவிட்டால், கையெழுத்து இல்லாமலேயே அது உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். அனுப்பியே தீர வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் 'வரைவு, கையெழுத்தாகும்வரை இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது' என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.