பிரெட் கவரில் உள்ள நம்பர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வாங்கும் பிரெட் கவரில் 'இம்ப்ரூவர் 1100, 300', 'பிரிசர்வேட்டிவ் 282' என்று போட்டிருக்கிறது. இதுதான் புற்றுநோய் தரும் பொட்டாசியம் புரோமேட்டா? பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கிறோம்.

பதில்: இல்லை. 1100 என்பது அமைலேஸ் என்ற என்சைம். 300 வைட்டமின் சி. இரண்டும் மாவை மேம்படுத்தச் சேர்ப்பவை, அதைத்தான் 'இம்ப்ரூவர்' என்கிறார்கள். 282 பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. மாவை மேம்படுத்துவதில் அதற்கு வேலை இல்லை. மூன்றும் அனுமதிக்கப்பட்டவை, தாராளமாகக் கொடுங்கள்.

புரோமேட்டும் மாவை மேம்படுத்தச் சேர்த்ததுதான், ஆனால் அதன் நம்பர் 924. 2016இல் இந்தியாவில் அதைத் தடை செய்துவிட்டார்கள். தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாகப் போடுகிறவர் அதைக் கவரில் எழுதி வைப்பாரா? கவரில் இருக்கும் நம்பரைவிட, கவரே இல்லாத பன்னைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பிஸ்கட் பாக்கெட்டில் 223 இருக்கிறதா என்று பாருங்கள். அது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். தேய்த்து வெட்டிய மாவு சுருங்கிவிடாமல் இருக்கச் சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. சிலருக்கு மட்டும் இழுப்பு வரும். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் நம்பர் புரியாவிட்டாலும் 'சல்ஃபைட்' என்ற சொல்லைத் தேடுங்கள். சாப்பிட்டதும் மூச்சு வாங்கினால் பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், அபார்ட்மென்ட்டுக்கு வந்து பிரெட் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டு, 'பாருங்க, கெமிக்கல்! நீலமா மாறுது' என்று காட்டி 'ஆர்கானிக்' மாவு விற்கும் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அயோடின் பட்டால் ஸ்டார்ச் நீலமாகத்தான் மாறும். அவர் விற்கும் மாவிலேயே ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், அதுவும் மாறும். புரோமேட்டைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. லேப்தான் சொல்ல வேண்டும்.

சரி, நாமே லேபுக்குக் கொடுக்கலாமா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமாம்! சொன்ன பிறகு எந்த பன்னை எடுத்துத் தருவார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. பகுப்பாய்வு அறிக்கையில் விதிமீறல் என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். அதைவிட, சந்தேகப்படும் பேக்கரியின் பெயரையும் 14 இலக்க உரிம எண்ணையும் குறித்து, பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.