கார் விடும் இடத்தில் கடை போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே 5 சென்டில் எங்கள் மாடி வீடு. கீழே கார் விடும் இடத்துக்கு ஷட்டர் போட்டுத் தந்தால் நல்ல வாடகை தருவதாக ஒரு பேக்கரிக்காரர் கேட்கிறார். கட்டட அனுமதி வீட்டுக்கு மட்டும்தான் வாங்கினோம். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைய நிலையில் கொடுக்காதீர்கள். வரைபடத்தில் வண்டிக்கு என்று காட்டிய இடம் வண்டிக்குத்தான். அதை அடைத்தால் உங்கள் காரும், கடைக்கு வருபவர்களின் பைக்கும் தெருவில்தான் நிற்கும். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டிய தெருக்கள் நம்முடையவை.

சரி, முன்னறையைக் கொடுத்தால்? அதற்கு உங்கள் சர்வே எண் எந்த உபயோக மண்டலத்தில் (குடியிருப்பு, வணிகம் என்று நிலத்தைப் பிரித்திருப்பதில் எதில்) வருகிறது என்று நகராட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பு மண்டலத்திலும் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கு, பரப்பளவு வரம்போடு, 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் இடம் தருகின்றன. ஆனால் உங்களுடையது பேக்கரி. ரொட்டியைக் கொண்டுவந்து விற்பது வேறு. அடுப்பு வைத்துச் சுடுவது வேறு. புகைக்குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்றால் முதல் புகார் அங்கிருந்துதான் வரும். இதை அவரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

மண்டல விதி அனுமதிக்கும் என்றால், திருத்திய வரைபடம் கொடுத்து, வீட்டைக் கடையாக்கும் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் மாற்றினால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் உண்டு. கடைக்கு ஏறும் படி உங்கள் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். தெருவோர ஓடைமேல் கான்கிரீட் போட்டுப் படி கட்டுவது ஆக்கிரமிப்பு. மழைக்காலத்தில் அந்த ஓடையில் தண்ணீர் ஓட வழி வேண்டாமா?

அப்புறம் கரண்ட். பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள். கடைக்குத் தனி மீட்டர், வணிகக் கட்டணத்தில் வாங்குங்கள். வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இரு மடங்குக் கட்டணம் போடுவார்கள். சொத்து வரியும் அந்தப் பகுதிக்கு வணிக விகிதத்தில் ஏறும். வாடகை பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

தொழில் உரிமமும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கடைக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டட அனுமதி மட்டும் உங்கள் பொறுப்பு. அது கைக்கு வந்தபிறகு அட்வான்ஸ் வாங்குங்கள்.