கருத்துக் கேட்டார்கள், காதில் வாங்கவில்லை: வைப்புத்தொகையைக் கட்டாமல் வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, திருப்பூர் அருகே 12 நிட்டிங் மெஷின்களோடு சிறிய கூடம் நடத்துகிறேன். தொழில் இணைப்புகளுக்கு வைப்புத்தொகை கணக்கிடும் முறையைத் திருத்தப்போவதாக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மூன்று இரவு கண்விழித்து 14 பக்கம் எழுதி அனுப்பினேன். மெஷின் பழுதால் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. ஒரு வரி பதில்கூட வரவில்லை. நேரில் அழைத்து விசாரிக்கவும் இல்லை. வரைவில் இருந்தது அப்படியே அரசிதழில் வந்துவிட்டது. மின் அலுவலகத்தில் கேட்டால், "நீங்கள் எழுதினால் மாற்றிவிடுவார்களா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்கள். இப்போது 4,12,000 ரூபாய் கூடுதல் வைப்புத்தொகை கேட்டு நோட்டீஸ் வந்து 17 நாள் ஆகிறது. கருத்துக் கேட்பு வெறும் கண்துடைப்பு என்று சொல்லி இந்த விதிகளையே ரத்து செய்ய முடியுமா? தீர்ப்பு வரும்வரை கட்டாமல் இருக்கலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் இன்றைக்குச் சட்டப்படி பொருட்டாகும் செய்தி ஒன்றுதான்: நோட்டீஸ் வந்து 17 நாள் ஆகிறது. கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். இதே நோட்டீஸை வாங்கி இதே கோபத்தில் இருப்பவர்கள் பலர் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மின் அலுவலகத்தில் சிரித்ததை விட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவு, எனக்கும் வருத்தம்தான். ஆனால் மனுவில் அதற்கு இடமில்லை. நேரில் அழைக்கவில்லை என்பதையும் விட்டுவிடுங்கள். ஒருவருடைய உரிமத்தை ரத்து செய்யும்போது அவரை அழைத்துக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதியை இயற்றும்போது, தாய்ச்சட்டம், அதாவது அந்த விதியை இயற்ற அதிகாரம் தரும் சட்டம், எந்த அளவுக்குக் கேட்கச் சொல்கிறதோ அந்த அளவுக்குக் கேட்டால் போதும். மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 181(3) சொல்வது இவ்வளவே: மாநில ஆணையத்தின் ஒழுங்குமுறை விதிகள் முன்வெளியீட்டுக்கு, அதாவது வரைவை முன்கூட்டியே வெளியிடும் நிபந்தனைக்கு, உட்பட்டவை. எல்லாச் சட்டங்களும் இதையாவது தருவதில்லை. கல்குவாரி விதிகளுக்கு அடிப்படையான கனிமச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் முன்வெளியீடு என்ற நிபந்தனையே கிடையாது.

முன்வெளியீடு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பொது உட்பிரிவுகள் சட்டம், 1897, பிரிவு 23 சொல்கிறது. வரைவை வெளியிட வேண்டும். எந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ அது பரிசீலிக்கப்படும் என்று அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வந்துசேரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். பரிசீலிப்பது வேறு, ஏற்பது வேறு. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும் என்றும் அங்கே இல்லை.

உங்கள் வழக்கு உடையும் இடம் நீங்கள் போகிற போக்கில் சொன்ன "இரண்டு நாள் தாமதம்". தேதி தாண்டி வந்த ஆட்சேபத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆணையத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் 14 பக்கமும் உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீதிமன்றத்தின் கண்ணில் அது கோப்பில் இல்லாத காகிதம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து அந்தத் தேதியை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

சரி, தேதிக்குள் அனுப்பியிருந்தால்? அப்போதும் பிரிவு 23(5) குறுக்கே நிற்கும். முன்வெளியீட்டுக்குப் பின் இயற்றப்பட்டதாகச் சொல்லி ஒரு விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி இயற்றப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. வரைவே வெளியிடாமல் விதி போட்டார்கள் என்பதுபோல அடிப்படையே ஆட்டங்காணும் இடத்தில் இந்தக் கதவை நெம்பிப் பார்க்கலாம். "சரியாகக் கேட்கவில்லை" என்ற குறைக்கு அது திறக்காது.

விதியைச் சாய்க்க வேண்டுமானால் அதன் உள்ளடக்கத்தைத் தொட வேண்டும். தமிழ்நாடு அரசுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் இடையிலான மணல் குவாரி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அதற்கான காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது: விதி இயற்ற அதிகாரமில்லாமை, அடிப்படை உரிமை மீறல், அரசமைப்பு மீறல், தாய்ச்சட்டத்துக்கு முரண் அல்லது அதன் எல்லையைத் தாண்டல், நாட்டின் பிற சட்டங்களோடு மோதல், வெளிப்படையான தான்தோன்றித்தனம். "எனக்குக் கட்டுப்படியாகவில்லை" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. வைப்புத்தொகை கேட்கும் அதிகாரமோ மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலேயே இருக்கிறது. "நியாயமான" பிணைத்தொகை (நாம் வைப்புத்தொகை என்பது இதைத்தான்) என்று அங்கே ஒரு சொல் உண்டு. உங்களுக்கு உருப்படியான வாதம் ஒன்று இருக்குமானால் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

2016இல் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளையே ரத்து செய்ததே என்றும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கைப்பேசி அழைப்பு துண்டிக்கப்பட்டால் ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று முறை வரை, வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்ற விதி அது. ஆனால் அந்த வழக்கில் நிறுவனங்கள் தங்கள் ஆட்சேபத்தைக் காலத்தில் வைத்திருந்தன. துண்டிப்புக்கு நுகர்வோர் தரப்புக் காரணங்களும் உண்டு என்பதை டிராயின் தொழில்நுட்ப ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது. விதியோடு வந்த விளக்கக் குறிப்பில் அதற்கு உரிய பதில் இல்லை. வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்ற சட்டக் கடமையை டிராய் நிறைவேற்றவில்லை என்பதும் விதி வீழ்ந்ததற்கு ஒரு காரணம். மின்சாரச் சட்டத்தின் 86(3) அதே கடமையை மாநில ஆணையத்துக்கும் விதிக்கிறது. ஆகவே வழி இல்லாமல் இல்லை. அந்த வழியில் நடக்கக் காலத்தில் பதிவான, ஆதாரத்தோடு கூடிய ஆட்சேபம் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை.

இனி, உண்மையாகவே எனக்குக் கவலை தருவது: "கட்டாமல் இருக்கலாமா?"

இருக்கக் கூடாது. என் அலுவலகத்துக்கு வந்த கட்சிக்காரர்களில் அதிகம் நொந்துபோனவர்கள் வழக்கில் தோற்றவர்கள் அல்லர். வழக்கு நடக்கும்போதே மின்சாரத்தை இழந்தவர்கள். பிரிவு 47(2)இன்படி நோட்டீஸ் சேர்ந்த 30 நாளுக்குள் வைப்புத்தொகை கட்ட வேண்டும். தவறினால், கட்டாமல் இருக்கும் காலம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்திவைக்க 47(3) அனுமதிக்கிறது. ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) தாக்கல் செய்த ரசீதைக் காட்டினால் லைன்மேன் திரும்பிப் போய்விடுவார் என்று நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். தாக்கல் என்பது தடை அல்ல. மனுவுக்கு எண் கொடுக்க வேண்டும், விசாரணைப் பட்டியலில் வர வேண்டும், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும். பொதுவான ஒரு விதிக்கு முதல் நாளிலேயே இடைக்காலத் தடை தர நீதிபதிகள் தயங்குவார்கள். தந்தாலும் பாதித் தொகையைக் கட்டச் சொல்லியே தருவது வழக்கம். அந்த மனிதரின் கூடம் 11 நாள் இருட்டில் கிடந்தது. துணி கேட்டவர்கள் வேறு கூடத்துக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் திரும்பியது, அவர்கள் திரும்பவில்லை.

இன்னொரு கூட்டம், "எதிர்ப்புத் தெரிவித்து ஆறு மாதச் சராசரியைக் கட்டினால் வெட்ட முடியாது" என்று யாரோ சொன்னதை நம்பி வரும். அந்தப் பாதுகாப்பு பிரிவு 56இல், மின்கட்டண நிலுவைத் தகராறுக்காக எழுதப்பட்டது. 47(3)க்குக் கீழே அப்படி ஒரு வரி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்தை நம்பிக் காத்திருப்பது மூன்றாவது. "சங்கம் கேஸ் போட்டிருக்கிறது, ஸ்டே வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்த ஆணையின் நகலை வாங்கிப் படியுங்கள். இடைக்கால ஆணை பெரும்பாலும் மனுதாரர்களுக்கு மட்டுமே பொருந்தும். சங்கம் மனுதாரராக இருந்தால், எந்த உறுப்பினர்களுக்காக என்ற பட்டியலில் உங்கள் மின் இணைப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா பாக்கி வைத்திருந்த காரணத்தால் பட்டியலில் விடுபட்டவர், மின்சாரம் போன பிறகுதான் அதை அறிந்தார்.

மன்றம் தவறுவதும் உண்டு. ஆணையத்தின் ஓர் உத்தரவை எதிர்க்க, பிரிவு 111இன் கீழ் 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். விதியை எதிர்க்க அங்கே போக முடியாது. பி.டி.சி. இந்தியா என்ற மின் வணிக நிறுவனத்தின் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்துவிட்டது. விதியின் செல்லுபடியை உயர் நீதிமன்றத்தில் ரிட் வழியேதான் கேட்க வேண்டும். தலைப்பில் "உத்தரவு" என்று இருக்கிறதா, "ஒழுங்குமுறை விதிகள்" என்று இருக்கிறதா என்பதைக்கூடப் பார்க்காமல் டெல்லிக்கு ஓடிப் பணத்தையும் மாதங்களையும் தொலைத்தவர்கள் உண்டு.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன்: இந்த விதியை எதிர்த்துத் தனியாளாக வழக்குப் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 4,12,000 ரூபாய் கட்டணமாகப் போய்விடுவதில்லை. அது உங்கள் பணம். பிரிவு 47(4)இன்படி அதற்குக் குறைந்தபட்சம் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தில் வட்டி தர வேண்டும். நீங்கள் கடன் வாங்கும் வட்டிக்கும் அவர்கள் தரும் வட்டிக்கும் 6 விழுக்காடு இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 25,000 ரூபாய் இழப்பு. அது சிறு தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சென்னைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ரிட் நடத்தும் செலவு அதைவிட மிக அதிகம்.

சண்டை போட வேண்டிய இடம் நோட்டீஸின் கணக்கு. விதி சரியாகவே இருந்தாலும் அதை உங்கள் இணைப்புக்குப் பொருத்தியதில் பிழை இருக்கலாம். நான் பார்த்த நோட்டீஸ்களில் அடிக்கடி தென்படும் பிழை, ஏற்கெனவே கட்டிய பழைய வைப்புத்தொகையைக் கழிக்காதது. இணைப்பு அப்பா பெயரிலோ முந்தைய உரிமையாளர் பெயரிலோ இருந்து பெயர் மாற்றியிருந்தால் கட்டாயம் பாருங்கள். வட்டி வரவு வைக்காமல் விட்டிருப்பார்கள். மீட்டர் பழுதான மாதத்தின் தாறுமாறான அளவு சராசரியில் புகுந்திருக்கும். இதற்கெல்லாம் உயர் நீதிமன்றம் தேவையில்லை. பிரிவு 42(5)இன்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றமே போதும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விதி செல்லுமா என்பதை அவர்கள் தொட மாட்டார்கள், கூட்டல் கழித்தலைத் திருத்துவார்கள். உங்களைப் போன்ற இன்னொரு வாசகருக்கு இப்படித்தான் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

மிஞ்சும் தொகைக்குத் தவணை கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார். கட்டும்போது, கணக்கை ஏற்காமல் எதிர்ப்புடன் கட்டுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை சங்கத்தின் வழக்கு ஜெயித்தால் திரும்பக் கேட்க அந்த ஒரு தாள்தான் உதவும். முன்பணம் செலுத்தும் மீட்டருக்குத் தயாராக இருப்பவரிடம் பிணைத்தொகை கேட்க முடியாது என்று 47(5) சொல்கிறது. உங்கள் வகை இணைப்புக்கு அந்த மீட்டர் கிடைக்குமா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் எதுவானாலும் கோப்பில் இருக்கட்டும்.

அடுத்த வரைவு ஒன்று கட்டாயம் வரும், ஏனென்றால் இவ்வகை விதிகள் ஒருமுறை இயற்றியதோடு நிற்பதில்லை. அப்போது 14 பக்கம் எழுத வேண்டாம். எந்த விதி எண்ணை எதிர்க்கிறீர்கள், அதற்குப் பதில் என்ன வாசகம் இருக்க வேண்டும், உங்கள் 12 மாதப் பில்களின்படி பழைய முறையில் எவ்வளவு, புதிய முறையில் எவ்வளவு என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். பொருளாதார நெருக்கடி, நூல் விலை, ஏற்றுமதி மந்தம் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை எழுதும் ஆயிரம் கடிதங்கள் ஒரே வரியில் சுருக்கப்பட்டுவிடும். எண்ணோடு கூடிய ஒரு பத்தியைச் சுருக்க முடியாது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மௌனமே பின்னால் வழக்குக்குக் காரணமாகும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்களுக்கு இன்னும் 13 நாள் இருக்கிறது. நாளை காலை நோட்டீஸ், கடந்த 12 மாதப் பில்கள், பழைய வைப்புத்தொகை ரசீதுகள், பெயர் மாற்ற ஆணை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மின் அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவுக்குப் போய்க் கணக்கீட்டுத் தாளின் நகலை எழுதிக் கேளுங்கள். அப்பா காலத்து ரசீது கிடைக்கவில்லை என்றால் அவர்களின் பேரேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.