பையன் காலேஜ விட்டுட்டு டாக்குமெண்டரி எடுக்கப் போறேங்குறான், என்ன பண்றது?

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். யூஐசில, அதான் சிகாகோல இருக்குற இல்லினாய் யூனிவர்சிட்டில, கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம், மார்க்கும் நல்லாத்தான் இருக்கு, ஆனா சனி ஞாயிறானா கேமராவ தூக்கிட்டு சிகாகோல பில்சன் ஏரியா பக்கம் போய் சுவர்ல ஓவியம் வரையறவங்கள எடுத்துட்டு இருக்கான், இப்ப திடீர்னு ஃபிலிம் ஸ்கூல்தான்னு ஒத்தக்கால்ல நிக்குறான், வீட்ல அப்பாவும் பையனும் பேசிக்கிறதே இல்ல. புரியுது.

ஆசை தப்பில்லக்கா. ஊரும் சரியான ஊர்தான். சிகாகோல கார்டெம்க்வின் ஃபிலிம்ஸ்னு லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு இருக்கு, 1966லேர்ந்து இந்த மாதிரி படம்தான் எடுக்குறாங்க. அவங்களோட ஹூப் ட்ரீம்ஸ் கதைய அவன் வாயாலயே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க. பாஸ்கெட்பால் ஆடி மேல வந்துடலாம்னு நினைக்கிற ரெண்டு சிகாகோ பசங்களப் பத்தி டிவிக்கு அரை மணி நேரப் படம், அவ்ளோதான் ப்ளான். அது இழுத்து இழுத்து வருஷக்கணக்கா ஷூட் பண்ணி, 250 மணி நேர ஃபுட்டேஜ் சேர்ந்து, கடைசில கிட்டத்தட்ட 3 மணி நேரப் படமா 1994ல சன்டான்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல் போய் ஆடியன்ஸ் அவார்ட் வாங்குச்சு. ஜெயிச்ச படத்துக்கே இவ்ளோ காலம். அதுவரைக்கும் வாடகைய எதை வச்சு கட்டுவேன்னு அவன்கிட்ட கேளுங்க, சண்டையா இல்லாம நிஜமாவே கேளுங்க.

இதுக்கு பதில் வச்சிருந்த ஒருத்தர் பிங் லியுங்குற டைரக்டர். ராக்ஃபோர்டுல கூட ஸ்கேட்போர்ட் ஓட்டின ஃப்ரெண்ட்ஸையே எடுத்த மைண்டிங் த கேப், 2018ல வந்து ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. அவர் படிச்சது சினிமா இல்ல, உங்க பையன் படிக்கிற அதே யூஐசில இலக்கியம். அடுத்தவங்க ஷூட்டிங்ல கேமரா டீம்ல வேலை பாத்துட்டே தன் படத்த எடுத்தார்.

அதனால என் கருத்து, டிகிரிய விட வேணாம், லோன் போட்டு ப்ரைவேட் ஃபிலிம் ஸ்கூலும் இப்ப வேணாம். இந்த லைன்ல சர்டிஃபிகேட்ட யாரும் பெருசா பாக்குறதில்ல, நீ எடுத்தத காட்டுன்னுதான் கேப்பாங்க. டைரக்டர் கைக்கு காசு கடைசியாத்தான் வரும், முன்னாடி சம்பளம் பாக்குறது எடிட்டர், சவுண்ட், கேமரா ஆளுங்க, அப்புறம் பழைய ஃபுட்டேஜ் தேடி ரைட்ஸ் வாங்கித் தர்றவங்க. அவன் அசிஸ்டன்ட் எடிட்டர் வேலை கத்துக்கட்டும், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனுக்கு அது சீக்கிரம் பிடிபடும். இன்னொண்ணு க்ரான்ட், அதாவது படத்துக்கு நிதி உதவி கேட்டு விண்ணப்பம், எழுதத் தெரியணும், இது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனா படமே அதுல தான் ஓடுது. அந்தக் காசும் இப்ப சுருங்கிட்டு வருது, 2025 ஜூலைல அமெரிக்க நாடாளுமன்றம் பப்ளிக் டிவி, ரேடியோவுக்கு வச்சிருந்த 110 கோடி டாலர திரும்ப எடுத்துக்கிச்சு, இண்டிபெண்டன்ட் படங்களுக்கு பணம் தர்ற ஐடிவிஎஸ் மாதிரி இடங்களுக்கு நேரா அதுலதான் அடி. இத மறைச்சு உங்ககிட்ட நம்பிக்கை மட்டும் விக்க எனக்கு இஷ்டமில்ல.

அப்புறம் அந்த பில்சன் ஃபுட்டேஜ். ரோட்ல இருக்குற சுவர்னாலும் அமெரிக்கால ஓவியத்தோட காப்பிரைட் வரைஞ்சவங்களுக்குத்தான், வெளில தெரியற கட்டடத்த யாரும் படம் எடுக்கலாம்னு இருக்குற விலக்கு ஓவியத்துக்கு கிடையாது. சில சமயம் அனுமதி இல்லாமலே பயன்படுத்திக்க விடுற ஃபேர் யூஸ்னு ஒரு வழி இருக்கு, ஆனா அத நம்பி ரெண்டு வருஷம் எடுத்துட்டு அப்புறம் முழிக்கக் கூடாது, வரையறவங்ககிட்ட இப்பவே படத்துல பயன்படுத்த சம்மதம்னு சொல்ற ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கச் சொல்லுங்க, பேட்டி குடுக்குறவங்க கிட்டயும்தான்.

பையனோட அப்பாவுக்கு ஒரு தகவல். உங்க ஆஃபீஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல அவன் 26 வயசு வரைக்கும் இருக்கலாம், ஃப்ரீலான்ஸ் ஆரம்பிக்கிற பசங்களுக்கு அதான் பெரிய தலைவலி. டிகிரி முடிச்சதும் 26 வரைக்கும் டைம் குடுக்குறோம், அதுக்குள்ள அசிஸ்டன்ட் எடிட்டரா நிலையா வேலை வரலன்னா ஐடி வேலைக்கு அப்ளை பண்ணணும்னு மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி அவன் எடுத்ததுல 10 நிமிஷம் கட் பண்ணி எனக்கு லிங்க் அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு பேசுறேன்.