சைக்கிள் பந்தய அணிகளின் பணியாளர்களும் ஊக்கமருந்தும்: கேள்வி பதில்

சாலை சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்து என்றதும் எல்லாரும் வீரர்களின் பெயர்களையே கேட்கிறார்கள். இன்று நான் பதில் சொல்லப்போவது அவர்களுக்குப் பின்னால் காரிலும் பேருந்திலும் வரும் மருத்துவர், மசாஜ் பணியாளர், பயிற்சியாளர், அணி இயக்குநர் ஆகியோரைப் பற்றி. இந்த வழக்குகளின் தீர்ப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். தீர்ப்பு வராத ஒருவரைக் குற்றவாளி என்று இங்கே எழுதமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மசாஜ் செய்பவருக்கும் ஊக்கமருந்துக்கும் என்ன தொடர்பு? கைகால் பிடித்துவிடுபவர்தானே அவர்?

அந்தப் பணியாளரைப் பிரெஞ்சில் சுவான்யர் என்பார்கள். பராமரிப்பவர் என்று பொருள். காலையில் போத்தல்களை நிரப்பி, அரிசிக் கேக்குகளைத் தாளில் மடித்து, அவற்றைத் துணித் தோள்பைகளில் போட்டுக்கொண்டு, உணவு வழங்கும் இடத்தில் சாலையோரம் கையை நீட்டியபடி நிற்பார். வேகமாக வரும் வீரர் அந்தப் பையை அவர் கையிலிருந்து பற்றிக்கொண்டு போவார். மாலையில் விடுதி அறையில் மசாஜ் மேசையை விரித்து, ஒவ்வொரு வீரராக அழைத்துத் தொடைத் தசைகளை நீவிவிடுவார். மனைவியிடமும் சொல்லாததை வீரர் அந்த மேசையில் குப்புறப் படுத்தபடி அவரிடம் சொல்வார். குளிர்பெட்டியும் அவர் பொறுப்பு. வண்டிச் சாவியும் அவரிடம். மருந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் அது அவர் கைவழியாகப் போவதே வழக்கமாக இருந்தது.

இதற்குச் சான்று 1998 ஜூலை 8 அன்று கிடைத்தது. பெஸ்டினா அணியின் சுவான்யர் வில்லி வோட், டப்ளினில் தொடங்கவிருந்த டூர் டி பிரான்ஸுக்குப் போகும் வழியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஒரு சிறு சாலையில் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகளால் நிறுத்தப்பட்டார். அணியின் பெயர் தாங்கிய அந்தக் காரில் 200-க்கும் மேற்பட்ட இ.பி.ஓ. மருந்தளவுகள், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் இருந்தன. சிவப்பணுக்களைப் பெருக்கும் இ.பி.ஓ.வைக் கண்டறிய அன்று அங்கீகரிக்கப்பட்ட சோதனையே கிடையாது. பெஸ்டினா வீரர்கள் அத்தனை பேரின் சிறுநீரையும் எடுத்துப் பார்த்திருந்தாலும் அது சிக்கியிருக்காது. ஒரு காரின் பின்பெட்டியைத் திறந்ததால் சிக்கியது. சில நாட்களில் இயக்குநர் புருனோ ரூசெல், அணியில் மருந்து முறையாகத் திட்டமிட்டே தரப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். அணி பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது.

கேள்வி: மருந்தை உட்கொள்ளாத பணியாளரை எந்த விதியின் கீழ் தண்டிக்கிறார்கள்?

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (வாடா) விதித்தொகுப்பில் வீரரின் உடலில் மருந்து இருப்பது ஒரு மீறல் மட்டுமே. தக்க காரணமின்றித் தடைசெய்யப்பட்ட மருந்தை வைத்திருப்பது, கைமாற்றுவது, வீரருக்குச் செலுத்துவது, சோதனையைக் குலைப்பது, உடந்தையாக இருப்பது ஆகியவை தனித்தனி மீறல்கள். பணியாளர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் மாட்டுகிறார்கள். கைமாற்றியதற்கும் செலுத்தியதற்கும் குறைந்தது 4 ஆண்டுகள், அதிகபட்சம் வாழ்நாள் தடை. 2015 முதல் இன்னொரு விதியும் உண்டு: தடையில் இருக்கும் மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ வீரர் தொழில்முறைத் தொடர்பு வைத்திருந்தால் அதுவே வீரரின் மீறலாகும். மிக்கேலே பெராரி போன்ற மருத்துவர்கள் தடைக்குப் பிறகும் வீரர்களை ரகசியமாகச் சந்தித்துக்கொண்டிருந்த வரலாறே இந்த விதிக்குப் பின்னணி.

கேள்வி: முழங்கால் வலிக்கிறது. சைக்கிள் வீரர்கள் எடுத்துக்கொள்ளும் டிராமடாலை நானும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மருத்துவரைப் பாருங்கள். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் வலிநிவாரணி. 2024 முதல் எல்லா விளையாட்டிலும் போட்டியின்போது தடைசெய்யப்பட்டுள்ளது.

கேள்வி: 2025 டூர் பந்தயத்தின் நடுவில் இனியோஸ் அணியின் ஒரு பணியாளர் விலகினாரே, அப்படியென்றால் அதே அணி ஸ்கை என்ற பழைய பெயரில் பெற்ற வெற்றிகள் எல்லாம் பொய்தானே?

அப்படி ஆகாது. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மருத்துவர் மார்க் ஷ்மித், வீரர்களின் இரத்தத்தை எடுத்துச் சேமித்துப் பின்னர் ஏற்றியதற்காக 2021 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றத்தில் 4 ஆண்டு 10 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நான்கு உதவியாளர்களும் அவருடன் தண்டிக்கப்பட்டார்கள். அவர் முன்பு கெரோல்ஸ்டைனர் சைக்கிள் அணியின் மருத்துவர். ஷ்மித்துக்கும் ஸ்கை அணியின் ஒரு பராமரிப்புப் பணியாளருக்கும் இடையே 2012-இல் செய்திப் பரிமாற்றம் இருந்ததாக ஊடகங்கள் எழுதின. சர்வதேசச் சோதனை முகமை அந்தப் பணியாளரை விசாரணைக்கு அழைத்தது. அவர் பந்தயத்திலிருந்து கிளம்பினார். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. விசாரணைக்கு அழைக்கப்பட்டவரின் பெயரை நான் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். மீறல் நடந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகு குற்றச்சாட்டுப் பதிவுசெய்ய விதித்தொகுப்பில் பொதுவாக இடமில்லை என்பதால், இத்தனை பழைய விவகாரத்தில் காலவரம்பும் ஒரு கேள்வியாக வரக்கூடும்.

கேள்வி: அப்படியென்றால் ஸ்கை அணிக்காக டூர் வென்ற ஃப்ரூம்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் ஒரு விளையாட்டு அணியில் பிசியோதெரபி பணியில் இருக்கிறேன். எல்லா விவகாரத்திலும் கடைசியில் மாட்டுவது எங்களைப் போன்றவர்கள்தான். நீங்களும் சுமந்தவரையே பேசுகிறீர்கள், அனுப்பியவரை விட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் வருத்தத்தில் பெரும்பகுதி நியாயம். வோட் இரண்டு வாரங்களுக்கும் மேல் சிறையில் இருந்தார். பின்னர் 10 மாத ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். அவர் மேசையில் படுத்திருந்த பெஸ்டினா வீரர் ரிச்சர்ட் விராங்க், 2000 அக்டோபரில் லீல் நகர நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொள்ளும் வரை மறுத்துக்கொண்டே இருந்தார். சில மாதத் தடைக்குப் பிறகு திரும்பிவந்து, 2004-இல் மலையேற்ற வீரருக்கான புள்ளிச் சட்டையை ஏழாவது முறையாக வென்று சாதனை படைத்தார். வோட்டுக்கு அப்படியொரு திரும்புதல் வாய்க்கவில்லை. ஆனால் வோட் தாம் சுமந்தது என்னவென்று அறியாதவர் அல்லர். ஊசி போட்டவர்களில் அவரும் ஒருவர் என்பதை அவரே பின்னாளில் விரிவாகச் சொன்னார். "சொன்னதைச் செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

அதே வாசகர்: மறுத்தால் வேலை போகும். அதைப் பற்றி எழுதுவதற்கு உங்களுக்கு என்ன இழப்பு?

எனக்கு இழப்பு இல்லைதான்; இழப்பைத் தாங்கியவர் ஒருவரைச் சொல்கிறேன். எம்மா ஓ'ரைலி, அயர்லாந்துக்காரர், யு.எஸ். போஸ்டல் அணியில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சுவான்யர். 1999 மே மாதத்தில் ஸ்பெயினுக்குக் காரோட்டிச் சென்று, இயக்குநர் யோஹன் புரூய்னீல் கொடுத்த ஒரு மாத்திரைக் குப்பியை வாங்கிவந்து, நீஸ் நகருக்கு அருகே ஓர் உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் கொடுத்தார். அதே ஆண்டு டூர் தொடங்குமுன், மேல்கையில் ஊசி குத்திய தழும்பை மறைக்க அவருடைய ஒப்பனைப் பொருளை ஆர்ம்ஸ்ட்ராங் கேட்டார். பந்தயத்தின்போது சோதனையில் கார்ட்டிசோன் தெரிந்ததும், இருக்கைப் புண்ணுக்குக் களிம்பு எழுதியதாக முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு ஒன்றை ஏற்பாடு செய்ய அணியினர் பேசிக்கொண்டதை, மசாஜ் செய்துகொண்டிருந்த அவர் கேட்டார். இவற்றை அவர் 2004-இல் வெளியே சொன்னபோது கிடைத்தவை வழக்கும் அவதூறும். 2012-இல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எதிரான அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் முடிவில் அவர் வாக்குமூலம் இடம்பெற்றது. அவர் சொன்னது உண்மை என்று ஆர்ம்ஸ்ட்ராங் ஒப்புக்கொள்ள 2013 ஆயிற்று.

அனுப்பியவரை விட்டுவிடுகிறேன் என்றீர்கள். புரூய்னீலுக்கு முதலில் விதிக்கப்பட்ட 10 ஆண்டுத் தடையை லொசான் நகர விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2018-இல் வாழ்நாள் தடையாக்கியது. அணி மருத்துவர் பெத்ரோ செலாயாவுக்கும் வாழ்நாள் தடை. பயிற்சியாளர் ஹோசே மார்த்திக்கு 15 ஆண்டுகள். வேலையை இழக்கும் அச்சம் உண்மையானது, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அதனால்தான் புகார் செய்தவரை மிரட்டுவதையும் பழிவாங்குவதையும் 2021 விதித்தொகுப்பில் தனி மீறலாகவே சேர்த்தார்கள்.

கேள்வி: ஓபராசியோன் புவெர்த்தோ என்ற ஸ்பெயின் காவல்துறை நடவடிக்கையில் இரத்தப் பைகளே கையில் இருந்தும் ஏன் எல்லாரும் தண்டிக்கப்படவில்லை?

2006 மே மாதத்தில் மாட்ரிட் மருத்துவர் எவுஃபெமியானோ ஃபுவென்தெஸின் இடங்களில் 200-க்கும் மேற்பட்ட இரத்தப் பைகள் கிடைத்தன. அன்றைய ஸ்பெயினில் ஊக்கமருந்தைக் குற்றமாக்கும் சட்டம் இல்லாததால், பொதுச் சுகாதாரத்துக்குத் தீங்கு என்ற பிரிவில்தான் வழக்கு நடந்தது. 2013-இல் ஒத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையுடன் பைகளை அழிக்கவும் நீதிபதி உத்தரவிட்டார். 2016-இல் மேல்முறையீட்டில் மருத்துவர் விடுதலையானார், பைகள் தடுப்பு அமைப்புகளுக்குக் கிடைத்தன, அதற்குள் பத்தாண்டுகள் ஓடியிருந்தன. இடையில் இத்தாலிய அதிகாரிகள், 2008 டூர் தங்கள் நாட்டுக்குள் வந்தபோது எடுத்த ஸ்பெயின் வீரர் அலெஹாந்த்ரோ வால்வெர்தேயின் இரத்த மாதிரியை ஒரு பையோடு ஒப்பிட்டு அவரைப் பிடித்தார்கள். ஒரு நாட்டின் சட்டம் மூடிவைத்ததை இன்னொரு நாடு திறந்தது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இன்றைய முன்னணி வீரர் போகச்சார் சுத்தமானவரா?

தீர்ப்பு இல்லாத எவரைப் பற்றியும் எழுதமாட்டேன் என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். இதே கேள்வி இன்று ஐந்து வேறு பெயர்களில் வந்துள்ளது. ஐந்துக்கும் இதுவே பதில்.

பிசியோதெரபி பணியில் இருக்கும் வாசகர் மீண்டும்: சரி, நேராகக் கேட்கிறேன். யாரோ ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அணி மருத்துவரிடம் சேர்க்கச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

இன்று வந்தவற்றில் மிகப் பயனுள்ள கேள்வி இது. 2011 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் சைக்கிள் அமைப்பின் பயிற்சியாளர் சைமன் கோப், மான்செஸ்டரிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு விமானத்தில் ஜெனீவா சென்று, அங்கிருந்து தோஃபினே பந்தயத்தின் இறுதி நாளன்று லா தூஸ்வீர் மலையில் ஸ்கை அணி மருத்துவர் ரிச்சர்ட் ஃப்ரீமனிடம் சேர்த்தார். உள்ளே என்ன இருந்தது என்று தமக்குத் தெரியாது என்றார். பிரான்ஸில் மருந்துக்கடையிலேயே கிடைக்கும் ஒரு சளி மருந்து என்றது அணி. அதற்கான பதிவேடு இல்லை. மருத்துவரின் மடிக்கணினி கிரேக்கத்தில் விடுமுறையின்போது திருடுபோனதாகச் சொல்லப்பட்டது. 2017 நவம்பரில் பிரிட்டன் தடுப்பு முகமை, எதையும் உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாமல் விசாரணையை முடித்தது. அந்தப் பொட்டலம் யாருக்கானது என்று சொல்லப்பட்டதோ அந்த ஸ்கை வீரர் பிராட்லி விக்கின்ஸ், தாம் தவறு செய்யவில்லை என்றே சொல்லிவருகிறார். அவருக்கு எதிராக எந்தத் தீர்ப்பும் இல்லை. ஆனால் பதிவேடு இருந்திருந்தால் அவருக்கு அது ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். அதே மருத்துவர் அதே ஆண்டு மே மாதத்தில் வரவழைத்த 30 டெஸ்டோஸ்டிரோன் களிம்புப் பொதிகள் தனி வழக்காயின: ஒரு பயிற்சியாளருக்காக வாங்கியது என்ற அவருடைய விளக்கத்தை 2021-இல் மருத்துவத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, ஒரு வீரருக்குத் தரவென்று தெரிந்தோ நம்பியோ வரவழைத்தார் என்று முடிவுசெய்தது. மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2023-இல் 4 ஆண்டு விளையாட்டுத் தடையும் வந்தது.

ஆகவே, பொட்டலத்தை மூடிய நிலையில் வாங்காதீர்கள். கொடுப்பவர் முன்னிலையிலேயே திறந்து, மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீரருக்கு, யார் எழுதியது என்று மருந்துச்சீட்டின் நகலைக் கேளுங்கள். வாங்கிய நாள், நேரம், ஒப்படைத்தவரின் கையெழுத்து ஆகியவற்றை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி, அதன் படத்தை அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2011-இலேயே மருத்துவக் காரணமற்ற ஊசிகளைத் தடைசெய்துவிட்டது. எனவே ஊசியோ குப்பியோ இருந்து சீட்டு இல்லையென்றால் தொடவே வேண்டாம். "பிறகு சொல்கிறேன், இப்போது கொண்டுபோ" என்று மேலாளர் சொன்னால், அந்த வாக்கியத்தையும் தேதியோடு எழுதிவைத்துவிட்டுப் பொட்டலத்தை அவர் மேசையிலேயே விட்டுவிடுங்கள்.