கல்லணையைக் கட்டியது கரிகாலன்தானே, பிறகு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனை ஏன் கொண்டாடுகிறார்கள்?

கட்டியது கரிகாலன்தான். ஆனால் காவிரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்த காலத்தில் அதை மீட்டுக் கொடுத்தவர் காட்டன்.

நான் பர்மாவில், பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் வயல் பார்க்கிறவன். எங்கள் கொள்ளுத்தாத்தா திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கப்பலேறி ரங்கூன் வந்தவர். காவிரியை நான் பார்த்ததே இல்லை. காட்டன்மீது எனக்குப் பிடிப்பு வந்தது எங்கள் ஓடையால்தான்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஓடையில் தண்ணீரை மறிக்க ஒரு கான்ட்ராக்டர் சிமெண்ட் சுவர் எழுப்பிக் கொடுத்தார். அடியில் முழுக்க மணல். முதல் மழையிலேயே தண்ணீர் சுவருக்கு அடியில் துளை போட்டுவிட்டது. சுவர் நடுவில் உட்கார்ந்து இரண்டாகப் பிளந்தது. அப்பா, "கல்லைக் கொட்டுடா, அது போகிற இடத்துக்குப் போகட்டும்" என்றார். ஒரு வண்டி கொட்டினோம், ஒரே வாரத்தில் மணலுக்குள் போய்விட்டது. அதன் மேலேயே இன்னொரு வண்டி. அதுவும் பாதி இறங்கியது. மூன்றாவது வண்டிக் கல் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

கல்லணையின் அஸ்திவாரமும் இப்படித்தான். ஆழம் காணமுடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைப் பழைய தமிழ்க் கட்டுமானக்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

சரி, காவிரிக்கு என்னதான் ஆயிற்று? திருச்சிப் பக்கத்து முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், படுகையும் பள்ளம். காவிரிக் கிளை மெதுவாக ஓடுவதால் மணலையும் வண்டலையும் வழியிலேயே போட்டுவிடும். காவிரி மேடேற மேடேற, தண்ணீர் கொள்ளிடம் வழியாக நேரே கடலுக்குப் போனது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. காட்டனுக்கு முன்னால் வந்தவர்கள் கல்லணையை உயர்த்திப் பார்த்தார்கள். அதனால் மணல் இன்னும் கூடத்தான் சேர்ந்தது.

1820களின் கடைசியில் காவிரி காட்டன் கைக்கு வந்தது. அவர் கல்லணையில் அடிமட்டத்தில் மணற்போக்கி மதகுகளை, அதாவது சேர்ந்த மணலைத் தண்ணீரோடு வெளியே தள்ளும் மதகுகளை, திறந்தார். அப்புறம் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, கீழே அணைக்கரையில் கீழணை. மேலணை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. காவிரிக்குள் தண்ணீர் பாய்ந்து, அந்தக் கிளை பிரியும் இடத்தை அரிக்க ஆரம்பித்ததால், அங்கேயும் படுகையோடு படுகையாக ஒரு சுவர் போட வேண்டி வந்தது. ஆற்றில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் பதில் வரும். அந்த மேலணை 2018 ஆகஸ்ட் வரை வெள்ளத்தைத் தாங்கியது. அப்போதுதான் அதில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 182 வருஷம்!

ஆந்திராவில் அவர் பெயர் இன்னும் பெரிது. 1833 குண்டூர்ப் பஞ்சத்துக்குப் பிறகு, 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரியின் குறுக்கே அணை கட்டினார். அங்கே ஆற்றங்கரையில் இன்றும் அவர் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் விடுகிறவர்கள் உண்டு. ரயிலைவிடக் கால்வாய்க்குத்தான் பணம் போட வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். அந்த வாதம் லண்டனில் எடுபடவில்லை. ரயிலும் வேண்டும்தான், ஆனால் பசித்த ஊருக்கு முதலில் தண்ணீர் என்ற அவர் கணக்கு சரி என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரிக்கு வருமுன், 1824-26 பர்மா யுத்தத்தில் இளம் அதிகாரியாக இந்த மண்ணுக்கும் வந்தவர் அவர். எங்கள் நாட்டைப் பிடிக்க வந்த படையில் ஒருவர். அதை மறைத்துப் புகழ எனக்கு மனம் இல்லை.

நீங்கள் கல்லணைக்குப் போனால் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மணற்போக்கி எங்கே என்று கேட்டு, அது திறந்திருக்கும்போது வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.