நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பீரோவில் இருந்தால்?

கேள்வி: சிஸ்டர், வணக்கம். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். மாமனாருக்கு 63 வயது, தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறார். மேட்டில் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று போன மாதம் சேலத்தில் காட்டினோம். ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற நெஞ்சுவலி என்றார்கள். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும், மெட்டோப்ரோலால் காலையில், மதியம் ஆஸ்பிரின் 75, இரவில் அட்டார்வாஸ்டாட்டின் என்று எழுதியிருக்கிறார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் 5 தனியாக. அதை ஒரே ஒரு தடவை வைத்தார். மண்டை பிளக்கிற மாதிரி இருந்ததாம். இனித் தொடமாட்டேன் என்கிறார், அட்டை பீரோவில் கிடக்கிறது. மூன்று மணி மாத்திரையை மாமியார் இரவுச் சாப்பாட்டோடு கொடுக்கிறார், காலை எட்டு, இரவு எட்டு என்றால் மறக்காதாம். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மெட்டோப்ரோலாலை அவரே விட்டுவிடுகிறார். இதில் எதை மாற்றவேண்டும், எதை விடலாம்?

பதில்: முதலில் எழுந்துபோய் பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் கேட்டதில் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. இதற்கு இல்லை. வலி வருகிற இடம் வீடு இல்லை, தோட்டத்து மேடு. அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவருக்கு வீட்டுப் பீரோவில் இருக்கிற மாத்திரையால் ஒரு பயனும் கிடையாது. இதய வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில் நான் அடிக்கடி கேட்ட பதில் இதுதான்: "மாத்திரை இருக்குது சிஸ்டர், வீட்டுல இருக்குது."

அவர் ஏன் பயப்படுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்தத் தலைவலி நிஜமானது, சிலருக்குக் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு இருக்கும். ஆனால் அது மாத்திரை வேலை செய்வதால் வருகிற வலி. சார்பிட்ரேட்டும், 8 மணி, 3 மணி ஐசோசார்பைடும் நைட்ரேட் வகை மருந்துகள். நைட்ரேட் ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. உடம்பில் ரத்தம் தேங்க இடம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பி வருகிற சுமை குறைகிறது, இதயத்துக்குப் போகிற குழாயும் கொஞ்சம் திறந்துகொள்கிறது. அதே நேரத்தில் தலையில் உள்ள குழாய்களும் விரிகின்றன. அதுதான் அந்த விண் விண் வலி. 1879இல் வில்லியம் மர்ரல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதே வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். அதற்கு முன்னால் மருந்து பட்ட தக்கையைத் தானே நாக்கில் வைத்துப் பார்த்தார், அவருக்கும் தலை வெடிக்கிற மாதிரிதான் வலித்தது. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். மருந்தைக் கொண்டுவந்த டாக்டருக்கே வந்த வலி என்றால் பயம் கொஞ்சம் குறையும்.

இன்னொன்றும் சொல்லலாம், கல்குவாரி இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இந்த நைட்ரோகிளிசரினை வைத்துத்தான் ஆல்பிரட் நோபல் டைனமைட் செய்தார். அதைத் தயாரித்த தொழிற்சாலைகளில் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குத் தலை வலிக்கும். செவ்வாய், புதன் என்று போகப்போக வலி குறைந்துவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் வலி. உங்கள் கேள்வியில் இரண்டுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தினமும் நைட்ரேட் சாப்பிட்டுவந்தால் தலைவலி பெரும்பாலும் சில நாட்களிலேயே தணிந்துவிடும், அதுவரை பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. நடுவில் இடைவெளி கிடைத்தால்தான் மருந்துக்குத் திரும்பவும் வேகம் வரும்.

அந்த இடைவெளிக்காகத்தான் டாக்டர் 8 மணி, 3 மணி என்று எழுதியிருக்கிறார். பகலில் வேலை செய்கிற நேரம் முழுக்க மருந்து உடம்பில் இருக்கும், இரவில் இருக்காது. மறுநாள் காலை மாத்திரை புதிதாகப் போட்டது போல வேலை செய்யும். காலை 8, இரவு 8 என்று கொடுத்தால் 24 மணி நேரமும் மருந்து இருந்துகொண்டே இருக்கும், சில நாளிலேயே வீரியம் மங்கிவிடும். உங்கள் மாமியார் அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார், அதைக் குறையாகச் சொல்லிவிடாதீர்கள். மற்ற எத்தனையோ மாத்திரைக்குச் சரி சமமான இடைவெளிதான் முறை, இதற்குத்தான் வேறு. "பகல் மாத்திரை, ராத்திரிக்கு லீவு" என்று அவரிடம் சொல்லிவையுங்கள், மறக்கமாட்டார். மூன்று மணிக்கு மாமனார் தோட்டத்தில் இருப்பார் என்றால் அந்த ஒரு மாத்திரையை அட்டையோடு வெட்டி மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு அனுப்புங்கள், செல்போனில் மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள். இரவில் தூக்கத்தில் வலி வருகிறது என்றால் நேரத்தை நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, இனி நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்கு வருவோம். ஒரு பெரியவருக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அரூர் பக்கத்துக்காரர். எல்லாம் புரிகிறது என்று தலையாட்டினார். "அப்படியா, இப்போ ஒன்றைப் பிரித்துக் காட்டுங்க ஐயா" என்று அட்டையைக் கையில் கொடுத்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், அந்தச் சின்ன மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்க முடியவில்லை. நகம் வழுக்குகிறது, மறுபடி அழுத்துகிறார், கடைசியில் மாத்திரை கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. கையிலெடுத்ததும் அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் கேட்டார். நாம் களி சாப்பிடுகிறவர்கள், மெல்லாமல் விழுங்கிப் பழகிய தொண்டை. மாத்திரையையும் அப்படியே விழுங்கத்தான் கை போகும். அன்று முதல் யாருக்கும் வாயால் மட்டும் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பேன்.

இன்றைக்குச் சாயங்காலம் நீங்களும் அதையே செய்யுங்கள். வலி இல்லாத நேரத்தில் அட்டையைக் கொடுத்து, எங்கே அழுத்தவேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஒவ்வொரு மாத்திரைக் கண்ணாக வெட்டி ஓரத்தில் லேசாகக் கீறல் விடுங்கள், ஆனால் மாத்திரை அட்டைக்குள்ளேயே இருக்கட்டும். வியர்வை படாமல் சின்ன ஜிப் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைக்கலாம். வெயிலில் நிற்கிற வண்டியின் பெட்டியும், தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமும் மருந்தைக் கெடுக்கும். காலாவதித் தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். யாருக்காவது பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நைட்ரோகிளிசரின் மாத்திரை கொடுத்திருந்தால், அதை வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது, உள்ளே பஞ்சும் வைக்கக்கூடாது. அந்த மருந்து ஆவியாகிப் போகக்கூடியது.

வலி வந்தால் செய்யவேண்டியது இது. செய்கிற வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு உட்காரவேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பி.பி. இறங்கிக் கிறுகிறுத்து விழுந்துவிடுவார், வரப்பிலோ கிணற்று மேட்டிலோ விழுவது இன்னொரு ஆபத்து. வாய் வறண்டிருந்தால் ஒரு மடக்குத் தண்ணீரால் நனைத்துவிட்டு, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ளவேண்டும். அதை மெல்லக்கூடாது, கரைகிற வரை எச்சிலையும் விழுங்கக்கூடாது. நாக்குக்கு அடியில் உள்ள மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலந்தால் சில நிமிடத்தில் வேலை செய்யும். விழுங்கினால் வயிறு போய், ஈரலில் பெரும்பகுதி சிதைந்து, மிச்சம்தான் இதயத்துக்கு வரும், அதற்கு அரைமணிகூட ஆகலாம்.

அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108க்கு அழையுங்கள். மூன்று மாத்திரையும் போட்டுப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்கு வண்டி வந்து தருமபுரி ஜி.எச். போய்ச் சேருகிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அழைத்துவிட்டு, மயக்கம் இல்லை என்றால் இரண்டாவது மாத்திரை, இன்னும் ஐந்து நிமிடம் கழித்து மூன்றாவது. அதற்கு மேல் வேண்டாம். உங்கள் டாக்டர் சீட்டில் எண்ணிக்கையை வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஆஸ்பிரினை மென்று சாப்பிடக் கொடுக்கலாமா என்று 108இல் பேசுகிறவரிடமே கேளுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நம் ஊர்களில் அது பழக்கமாகிவிட்டது, வழியில் மயங்கினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேடு ஏறப்போகிறோம், ஏறினால் கட்டாயம் வலிக்கும் என்று தெரிந்தால், முன்கூட்டியே உட்கார்ந்து ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போகலாம். இதற்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடப்பதும், மார்கழிக் குளிரில் விடியற்காலை வேலைக்கு இறங்குவதும் வலியைக் கிளப்பும்.

மெட்டோப்ரோலாலில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அந்த மாத்திரையால்தான் அவர் நன்றாக இருக்கிறார். அது இதயத் துடிப்பை நிதானப்படுத்தி வைக்கிறது. திடீரென்று நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து எழும், வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும், மாரடைப்பே வந்தவர்கள் உண்டு. நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. காலையில் மாத்திரைக்கு முன்னால் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியை 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். 55, 60 என்று வந்தால் பயம் வேண்டாம், டாக்டர் எதிர்பார்ப்பதே அதுதான். 50க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு இழுத்தாலோ அன்றைய மாத்திரைக்கு முன்னால் போன் செய்து கேளுங்கள். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் இன்னொரு கவனம்: சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

ஆஸ்பிரினைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள். அட்டார்வாஸ்டாட்டினில் காரணமில்லாத தசைவலி வந்தால் சொல்லவேண்டும். முழங்கால் வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ கேட்டு வாங்கிப் போடுவது இவருக்கு இனிக் கூடாது.

இன்னொன்று, மருமகளாக நீங்கள் கேட்க முடியாதது. உங்கள் வீட்டுக்காரரை அவரிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்மைக்காக எடுக்கும் சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற மாத்திரைகளை நைட்ரேட் சாப்பிடுகிறவர் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் பி.பி. உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும். யாராவது அப்படி எடுத்திருந்தால், சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் சார்பிட்ரேட் வைக்கக்கூடாது. நெஞ்சுவலி வந்தால் 108 ஊழியரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடவேண்டும். 63 வயதில் எதற்கு இந்தக் கேள்வி என்று நினைத்துக் கேட்காமல் விடாதீர்கள். மதுவும் நைட்ரேட்டோடு சேர்ந்து பி.பி.யை இறக்கும், அதையும் அப்போதே பேசிவிடட்டும்.

வலி வந்த ஒவ்வொரு முறையும் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள்: மணி என்ன, என்ன வேலை செய்தார், எத்தனை மாத்திரை வைத்தார். வாரம் ஒன்று என்பது மூன்றாகக் கூடினாலோ, மேட்டில் வந்த வலி சமதரையில் வந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ வந்தாலும் அப்படித்தான்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இதற்கு முன்னாலேயே அவர் பி.பி. மாத்திரை சாப்பிட்டு வந்தாரா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற மாத்திரை பல வீடுகளில் இருக்கிறது. அது அட்டெனலாலாக இருந்தால், மெட்டோப்ரோலாலும் அதே இனம். இரண்டும் சேர்ந்து போனால் நாடி அளவுக்கு மீறி இறங்கும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், டப்பாவில் மிஞ்சிய பழசையும் சேர்த்து ஒரு பையில் போட்டு அடுத்த முறை சேலத்துக்கு எடுத்துப்போங்கள். பழைய மாத்திரை இருந்தால் அதன் பெயரை அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.